கட்டுப்போட்ட காலோடு எழுந்த நோயாளி

போன வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்து வந்த சனி, ஞாயிறு. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. அந்த இரண்டு நாளும் நான் அங்கே கால் ஒடிந்தும், தலை உடைந்தும், பாம்பு கடித்தும், பாறையில் உருண்டும் மாறி மாறிக் கிடந்தேன். எல்லாம் நடிப்புதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விஷயம் நிஜமாகவே நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மற்றவர்களானால் தெருவைச் சுற்றி நடப்பார்கள். இவர் ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்து, மாதம் ஒரு மலை என்று கிளம்பிவிட்டார். புது ஷூ என்ன, முதுகுப்பை என்ன, தொப்பி என்ன. மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவர் அவ்வளவு மிடுக்காக இருந்ததில்லை.

எனக்கோ அவர் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் நிம்மதி போய்விடும். மலைமேல் போனில் டவர் கிடைக்காது. சாயங்காலம் அவர் இறங்கி வந்து போன் போடும்வரை என் பிழைப்பு வாசலிலேதான். சர்க்கரைக்கார மனுஷன், டவர் இல்லாத இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கு என்ன தெரியும்? இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். "கூட பத்துப் பேரு வாறாங்கல்லா" என்பார்.

அந்தப் பத்துப் பேர் லட்சணம் என்ன என்பது ஒரு நாள் தெரிந்துவிட்டது. ஒருமுறை மலைப்பாதையில் குழுவைச் சேர்ந்த ஒருவர் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். உடனே ஒருவர் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஒருவர் தைலத்தைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். இன்னொருவர், ஒன்றும் இல்லை, எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். எல்லாருமாகச் சேர்ந்து தண்ணீர் கொடுத்தே அவர் வயிற்றை நிரப்பியிருக்கிறார்கள். வெறும் சுளுக்காக இருந்தது, கீழே வந்து சேர்வதற்குள் முறிவாகிவிட்டது. குழுவை நடத்துகிறவருக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. காட்டுவழி முதலுதவி தெரியாமல் இனிமேல் யாரும் மலையேறக் கூடாது என்று சொல்லி, நாகர்கோவிலில் இருந்து ஓர் அம்மாவைப் பயிற்சிக்கு வரவழைத்தார். அவர் ராணுவத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டோம்.

நான் பயிற்சிக்கு என்று போகவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். காய்கறி நறுக்கும்போது விரலில் பட்டால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் கழுவுவேன். என் கணவர் மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று பார்க்கப் போனேன், அவ்வளவுதான். நிழலில் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்தேன். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

எல்லாருக்கும் வைத்தியம் பார்க்க ஆசை, நோயாளியாகப் படுக்கத்தான் ஆள் இல்லை. "நீங்க வந்து படுங்கம்மா. உங்களைத் தூக்கிட்டாங்கன்னா இவங்க யாரை வேணும்னாலும் தூக்கிருவாங்க" என்றார் டீச்சர். என் எடை என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் படுத்துக்கொண்டே பார்க்கும் வேலை எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. சந்தோஷமாகப் போய்ப் படுத்துவிட்டேன்.

டீச்சர் முதலில் சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது. "டவுன்ல ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்க சமாளிச்சா போதும். காட்டுக்குள்ள நீங்கதான் ஆம்புலன்ஸ்." கையில் இருப்பதை வைத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும். குடையை வைத்து ஒடிந்த காலுக்குக் கட்டு. வேட்டியை இரண்டு கம்பில் சுற்றினால் டோலி. துண்டு எல்லாவற்றுக்கும் உதவும். அடிபட்டவர் பக்கத்தில் போகும்முன் அந்த இடம் பத்திரமா என்று பார்க்க வேண்டும். பிறகு பெயரைக் கேட்க வேண்டும், தொடலாமா என்று அனுமதி கேட்க வேண்டும். நடுநடுவே பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேச்சுக் கொடுக்கச் சொல்லித்தர வேண்டுமா? டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், நாலு நாலு பேராகப் பிரித்ததில், என் கணவரின் அணியில் இருந்தார். என் தலையில் கட்டுப்போட வந்தவர், "மதினி, உங்களுக்குப் பொறந்த ஊரு எது? அப்பா என்ன செஞ்சாவ?" என்று ஆரம்பித்து, என் சித்தப்பா அவர் கடையில் சாமான் வாங்குகிறவர் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார். கட்டு மட்டும் கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கியது. அதற்குள் தலையில் அடிபட்டவள் இருமுறை செத்திருப்பாள் என்றார் டீச்சர்.

எனக்கும் ஒரு கவனம் வந்தது. படுத்துக்கிடக்கிறவளுக்கு எல்லாருடைய முகமும் தெரியும். யார் பதறுகிறார்கள், யார் மறந்துவிட்டு முழிக்கிறார்கள் என்று நிமிர்ந்து நிற்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. ஒவ்வோர் அணியும் வந்து அதே பாடத்தை என்மேல் ஒப்பித்துப் போனதில், கண்ணை மூடிக்கொண்டு கிடந்த எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை மாலையில் சர்க்கரைக்காரர்களைப் பற்றி ஒரு வகுப்பு. சர்க்கரை கூடினால் மெதுவாகத்தான் தெரியும், குறைந்தால் சட்டென்று தெரியும் என்றார் டீச்சர். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும், காரணமில்லாமல் கோபம் வரும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எல்லாரும் என் கணவரையே பார்த்தார்கள். அவர் அசரவில்லை. "அப்போ ஒரு தடவ கொறஞ்சா நல்லதுதான் டீச்சர். இவ கையால அல்வா கெடைக்கும்லா" என்றார். தோப்பே சிரித்தது. மூன்று வருஷமாக நான் அவரை அல்வா வாசனைகூடப் பிடிக்க விடவில்லை என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

"அல்வாவுல நெய் இருக்கு சார், சர்க்கரை ஏற நேரமாகும். வெறும் சீனிதான்" என்றார் டீச்சர். என் கணவரின் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே.

மறுநாள் ஞாயிறு, கடைசித் தேர்வு. விடிந்ததும் என் கணவர் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அது சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட வேண்டிய மாத்திரை. இட்லியும் மிளகாய்ப்பொடியும் வாளியில் தயாராக இருந்தன. அப்போது யாரோ, ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு முங்கிவிட்டு வந்து சாப்பிடலாமே என்றார்கள். தாமிரபரணிக்கு இத்தனை பக்கத்தில் வந்துவிட்டு, குளிக்காமல் எப்படிச் சாப்பிடுவது? எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்குக் குங்குமத்தைக் குழைத்துக் காயம் வரைய வேண்டும் என்று டீச்சர் என்னை நிறுத்திக்கொண்டார்.

ஒரு முங்கு என்றுதான் போனார்கள். எங்கள் ஊர்க்காரனை ஆற்றில் இறக்கிவிடலாம், ஏற்றுவது யாராலும் ஆகாது. தை மாதத் தண்ணீர், கழுத்தளவு, ஓட்டமும் உண்டு. நீச்சல் என்ன, அக்கரைக்குப் போட்டி என்ன, முதுகு தேய்த்துவிடுவது என்ன. அவர்கள் ஈரத்தலையோடு தோப்புக்குத் திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. வெயிலுக்கு முன்னால் தேர்வை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்களாம். நான் அதற்குள் தோப்பை ஒட்டிய ஓடைப் பாறைகளுக்கு நடுவே, வலது கால் ஒடிந்தவளாக மல்லாந்து கிடந்தேன். வாளியைக் கையோடு படித்துறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்குச் சில விதிகள். நோயாளி எழுந்திருக்கக் கூடாது, அணிக்கு உதவவும் கூடாது. டீச்சர் தள்ளி நின்று பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார். நிஜமாகவே யாருக்காவது ஏதாவது ஆனால், இரண்டு கையையும் தூக்கி 'நிஜம்' என்று கத்த வேண்டும். அந்த நொடியே தேர்வு நின்றுவிடும்.

முதலில் என் கணவரின் அணிதான். அவர் தலைவர், அண்ணாச்சி துணை, கூடவே கல்லூரி மாணவிகள் இரண்டு பேர். மற்றவர்கள் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் வந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"வணக்கம்மா. எனக்கு முதலுதவி தெரியும். உங்க பேரென்ன?"

பாறைமேல் இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"உங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றேன் முனகிக்கொண்டே.

"தெரியாதும்மா. இப்பத்தான் பாக்கேன். உங்களத் தொடலாமா?"

"முப்பது வருசமா கேக்காதவிய, இப்ப என்ன கேள்வி?"

அண்ணாச்சி சிரிப்பை அடக்க மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டீச்சர் முறைத்ததால் நான் என் பெயரைச் சொன்னேன். குடையை என் காலோடு சேர்த்து வைத்தார்கள். துண்டுகளைக் கிழித்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் மறுபடியும் கேட்டார். "உங்க பேரென்னம்மா?"

திரும்பவும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஒரு வேடிக்கை எடுபட்டுவிட்டால் அவர் அதை லேசில் விடுகிற ஆளில்லை. பெயரைச் சொன்னேன்.

முழங்காலுக்குக் கீழே முடிச்சுப் போட வந்தார். என் முன்கையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. ஈரத்தலைத் தண்ணீர் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், மேலுதட்டில், கழுத்தில், சட்டை முழுக்க வியர்வை. மர நிழல், ஆற்றில் குளித்து வந்த உடம்பு, பக்கத்தில் அண்ணாச்சிக்கு ஒரு துளி வியர்வை இல்லை. முடிச்சுப் போட்ட என் கணவர் தன் விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, அது ஏன் வர மாட்டேன் என்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது.

"உங்க பேரென்ன?" என்றார் மூன்றாவது முறையாக.

பாறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அங்கே குறும்பே இல்லை. அவர் நிஜமாகவே கேட்டார்.

"என்னங்க" என்றேன் மெதுவாக.

"சும்மா கெடங்கம்மா" என்று சுள்ளென்று விழுந்தார். முப்பது வருஷத்தில் என்னை உரிமையோடு ஏளா என்று கூப்பிட்டிருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், கோபம் வந்தால் கூப்பிடாமலே இருந்திருக்கிறார். யாரோ ஒரு பொம்பளையிடம் பேசுகிறமாதிரி என்னிடம் பேசியதில்லை.

இரண்டு கையையும் தூக்கி, "நிஜம், நிஜம்" என்று கத்தினேன்.

"மதினி நடிப்பு பிரமாதம்" என்றார் அண்ணாச்சி.

நான் எழுந்து உட்கார்ந்தேன். குடையோடு சேர்த்துக் கட்டியிருந்த கால் மடங்கவில்லை. அதை நீட்டியபடியே நகர்ந்து போய், அவர் தோளைப் பிடித்துப் பாறையில் சாய்த்து உட்காரவைத்தேன். கழுத்தைத் தொட்டால் பனிக்கட்டியாகச் சில்லென்று இருந்தது. "காலையில இட்லி சாப்பிட்டாவளா?" என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "இன்னும் யாருமே சாப்பிடலியே மதினி" என்றார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சீனி எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. தண்ணியும் டம்ளரும். ஓடுங்க."

அவர் ஓடவில்லை. "மதினி, அவியளுக்குச் சுகர்லா. சீனி குடுத்தா இன்னும் கூடிருமே" என்றார். பாறையில் இருந்து இறங்கி வந்த ஒருவரும் அதையே சொன்னார். நேற்று மாலைதான் எல்லாரும் பாடம் படித்தார்கள். ஆனால் சர்க்கரைக்காரருக்கு இனிப்புக் கூடாது என்பது எங்கள் எல்லாருக்கும் அதற்கு முன்பே ரத்தத்தில் ஊறிப்போன பாடம்.

"கூடல அண்ணாச்சி, கொறஞ்சுபோச்சு. மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்துல ஆத்துல கெடந்திருக்காவ. ஓடுங்க" என்று போட்ட சத்தத்தில் அவர் டீ அடுப்பைப் பார்த்து ஓடினார். அதற்குள் டீச்சரும் வந்துவிட்டார். அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பார்ப்பார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் குனிந்து, "சரியாத்தான் செய்றீங்க. விழுங்குறாரான்னு மட்டும் பாத்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுக்கப் போனார்.

அண்ணாச்சி சீனி டப்பாவோடு வந்தார். தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கி, டம்ளரை என் கணவரின் வாயருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம். சீனி எனக்கு ஆகாது. வீட்டுல ஏசுவா."

தன் எதிரே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் ஒருத்தி ஏசுவாள் என்பது மட்டும் மறக்கவில்லை. மூன்று வருஷம் நான் டப்பாவை ஒளித்துவைத்து, கல்யாண வீட்டில் இலையைப் பிடுங்கி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வளர்த்த பயம் அது. இப்போது என் கையில் இருப்பதையே தட்டிவிடப் பார்த்தது.

நான் அவர் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினேன். "ஏச மாட்டேன். நான்தான் தாறேன். குடிங்க" என்றேன்.

என் குரல் எட்டியதோ, கை எட்டியதோ தெரியாது. ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். இன்னொரு வாய். டம்ளர் காலியாயிற்று. டீச்சர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரொம்பவே இறங்கியிருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். விரல் நுனியில் நின்ற ரத்தப்பொட்டை நான் பார்த்தேன். மயக்கம் வரவில்லை. வரவில்லை என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். அத்தனை கூத்தடித்த கூட்டம் சுற்றி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மணிமுத்தாறு ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, நடுக்கம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடவுளைக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. பைய நடுக்கம் அடங்கியது. வெளுத்திருந்த உதட்டில் நிறம் வந்தது.

டீச்சர் கண்ணைக் காட்டினார். பாடம் எனக்குத் தெரியும்.

"உங்க பேரென்ன?" என்றேன்.

சொன்னார்.

"இது எந்த எடம்?"

"கல்லிடைக்குறிச்சி. தோப்பு."

"நான் யாரு?"

அவர் என்னைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். குடையோடு கட்டியிருந்த காலில் வந்து பார்வை நின்றது.

"நேத்துலருந்து கைய கால ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கவ" என்றார். "ஏளா, நோயாளி எதுக்கு எந்திரிச்ச? எனக்கு மார்க்கு போயிருமே."

பாறை அதிர எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அந்த ஏளா என்ற வார்த்தை காதில் விழுந்ததும், அதற்காக என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அவரை அங்கேயே உட்காரவைத்து இட்லி கொடுத்தோம். திரும்பவும் விரலில் குத்திப் பார்த்த டீச்சர், இனிப் பயமில்லை, ஆனாலும் ஊருக்குப் போனதும் உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்றார். இட்லி தின்றுகொண்டே என் கணவர் அண்ணாச்சியின் பையைப் பார்த்தார். ஊரில் இருந்து கொண்டுவந்த அல்வா அதில் இருப்பது அவருக்குத் தெரியும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஒரு விரல்நுனி அளவு கிள்ளி இலையில் வைத்தேன். அவர் அதை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்குவதாகவே தெரியவில்லை.

"அணித் தலைவர் பெயில்" என்றார் டீச்சர். முதலில் தன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முதல் பாடம், அதையே தலைவர் கோட்டைவிட்டாராம். நோயாளியும் விதியை மீறி எழுந்ததால் அந்தத் தேர்வே செல்லாது என்றார். மற்ற அணிகள் எல்லாம் முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு, டாக்டரிடம் போனில் பேசி அவர் சரி என்று சொன்னதற்கு அப்புறம்தான், என் கணவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. நான் போய் அதே பாறை நடுவே படுத்தேன்.

அவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மண்டியிட்டார். "வணக்கம்மா. எனக்கு முதலுதவி தெரியும். உங்க பேரென்ன?"

கண்ணில் அந்தப் பழைய குறும்பு. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெயர் சொல்ல மறந்துபோயிற்று. "நோயாளி பதில் சொல்லல டீச்சர், நெலம மோசம்" என்று அவர் உரக்கச் சொன்னார். என் கையை மட்டும் ஒருமுறை இறுக்கிப் பிடித்தார்.

இந்தமுறை தேறிவிட்டார். இப்போது எங்கள் குழு மற்ற ஊர்களிலும் மலையேறுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியை நடத்துகிறது. நான்தான் நிரந்தர நோயாளி. சர்க்கரை வகுப்பையும் படுத்துக்கொண்டே நான்தான் எடுக்கிறேன். முதலில் இட்லி, அப்புறம்தான் ஆறு என்பது எழுதாத சட்டம். அவர் மலையேறும் நாளில் நான் வாசலில் நிற்பதில்லை. அண்ணாச்சியின் சட்டைப்பையில் சீனிப் பொட்டலம் இருக்கிறது, அதை எப்போது கொடுக்க வேண்டும் என்று அந்தப் பத்துப் பேருக்கும் தெரியும்.

வீட்டில் காலையில் அவர் கையில் மாத்திரை, என் கையில் தட்டு. தட்டை வைக்கும்போது, "உங்க பேரென்னம்மா?" என்று தினமும் கேட்கிறார். முப்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் சரியாகப் பார்க்காமல் விட்ட முகம் அது. இப்போது நின்று, அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்து, குறும்பு அங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.